நிறம் மாறி வீழ்படிவு வந்துவிட்டது. நிக்கல் அணைவுச் சேர்மம் (உலோக அயனியைச் சுற்றி வேறு மூலக்கூறுகள் பிணைந்த சேர்மம்) உருவாகிவிட்டது என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

இப்போதே எழுத வேண்டாம். நிறமாற்றம் நல்ல அறிகுறிதான், ஆனால் அது சான்று ஆகாது.

சாலிசிலால்டிஹைடையும் எத்திலீன்டைஅமீனையும் 2:1 விகிதத்தில் சேர்த்து சாலென் என்ற மஞ்சள் நிற ஷிஃப் காரத்தை (C=N பிணைப்பு, அதாவது இமைன், உள்ள சேர்மம்) செய்து, அதோடு நிக்கல் அசிட்டேட்டைச் சேர்த்ததாகச் சொல்கிறீர்கள். அசிட்டேட்டை எடுத்தது சரியான முடிவு. ஃபீனாலின் புரோட்டானை அசிட்டேட்டே வாங்கிக்கொள்ளும். குளோரைடு என்றால் பெரும்பாலும் தனியாகக் காரம் சேர்க்க வேண்டியிருக்கும். வீழ்படிவை நீராலும் சூடான எத்தனாலாலும் நன்றாகக் கழுவி உலர்த்துங்கள். மிச்ச ஈனி (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறு, இங்கே சாலென்) ஒட்டியிருந்தால் பின்னால் வரும் எல்லா அளவீடும் குழப்பும்.

பலரும் முதலில் ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலை) எடுப்பார்கள். ஈனியில் 1630 செ.மீ⁻¹ அருகே வரும் இமைன் பட்டை வழக்கமாக 10 முதல் 20 செ.மீ⁻¹ கீழே இறங்கும்; நைட்ரஜன் உலோகத்தோடு பிணைந்திருப்பதை அது காட்டுகிறது. என் கவலையெல்லாம் 3400 அருகே வரும் அகலமான பட்டையைப் பற்றித்தான். அதைப் பார்த்ததுமே 'உலோகத்தோடு பிணைந்த நீர்' என்று எழுதி, இரண்டு நீர் மூலக்கூறுகளோடு எண்முகி (உலோகத்தைச் சுற்றி ஆறு பிணைப்பு) அமைப்பை வரைந்துவிடுகிறார்கள். மாதிரியோடு கலந்து அழுத்தும் பொட்டாசியம் புரோமைடு காற்றின் ஈரத்தை இழுத்தாலே அந்தப் பட்டை வந்துவிடும்.

நீர் இருக்கிறதா என்பதை எடையைக் கொண்டு முடிவு செய்யுங்கள். நீரில்லாத நிக்கல் சாலெனில் கார்பன் 59.1%; ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்தால் 56.0%. தனிமப் பகுப்பாய்வில் வழக்கமாக ஏற்கப்படும் பிழை 0.4% மட்டுமே என்பதால் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். சூடாக்கி எடை இழப்பைப் பார்க்கும் வெப்ப எடையறி ஆய்விலும் அந்த ஒரு நீர் சுமார் 5.2% இழப்பாகத் தெரிய வேண்டும்.

வடிவத்தைச் சொல்வது காந்த அளவீடு. தளசதுர (ஒரே தளத்தில் நான்கு பிணைப்பு) நிக்கல்(II) டையாகாந்தத் தன்மை உடையது, அதாவது அதில் இணையாகாத எலக்ட்ரான் இல்லை. எண்முகி என்றால் காந்தத் திருப்புத்திறன் 2.8 முதல் 3.3 போர் மேக்னட்டான் (அதன் அலகு) வரை வரும். சேர்மம் டையாகாந்தமாக இருந்தால் எண்முகிப் படத்தை அழித்துவிடுங்கள். அப்போது என்.எம்.ஆரும் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலை) எடுக்கலாம், ஈனியில் 13 பி.பி.எம். அருகே இருந்த ஃபீனால் புரோட்டான் சிக்னல் மறைந்திருக்க வேண்டும். இதே ஈனியின் தாமிர(II) சேர்மத்துக்கு அந்த வழி உதவாது. அதில் ஓர் இணையாகாத எலக்ட்ரான் இருப்பதால் சிக்னல்கள் அகன்று குழம்பிவிடும்.

கரைசலில் அயனிகள் உள்ளனவா என்று காட்டும் மோலார் கடத்துத்திறனை விட்டுவிடாதீர்கள். 1890களில் வேதியியலாளர் வெர்னர் தன் அணைவுச் சேர்மக் கொள்கையை நிறுவப் பயன்படுத்திய முறை அது. டி.எம்.எஃப். (டைமெத்தில்ஃபார்மமைடு) கரைப்பானில் 10⁻³ மோலார் கரைசலில் 1:1 மின்பகுளிக்கு (ஒரு நேரயனி, ஓர் எதிரயனியாகப் பிரிவது) 65 முதல் 90 ஓம்⁻¹ செ.மீ² மோல்⁻¹ வரை வரும். உங்களுடையது நடுநிலைச் சேர்மம் என்றால் மிகக் குறைவாக இருக்க வேண்டும்.

ஒற்றைப் படிக எக்ஸ் கதிர் ஆய்வு கிடைத்தால் அமைப்பைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆனாலும் தேர்ந்தெடுத்த ஒரு படிகத்தை வைத்து மொத்தத் தூளையும் சொல்ல முடியாது. அந்த அமைப்பிலிருந்து கணக்கிட்ட தூள் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் படத்தை உங்கள் மாதிரியின் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.