முன்கையில் ஊதாத் திட்டுகள் ஏன்?

கேள்வி: எழுபது வயதைக் கடந்த என் மாமியாருக்குக் கதவில் கை லேசாக உரசினாலும் முன்கையில் ஊதா நிறத் திட்டுகள் தோன்றிவிடுகின்றன. தட்டணுக்களின் எண்ணிக்கையும் இரத்தம் உறையும் நேரமும் சரியாகவே இருக்கின்றன. பிறகு ஏன் இரத்தம் கசிகிறது?
– வாசகி, காரைக்குடி

பதில்: இரத்தத்தில் குறை இல்லாதபோது, அது ஓடும் நுண்ணிய நாளங்களையும் அவற்றைத் தாங்கும் இணைப்புத் திசுவையும் கவனிக்க வேண்டும். மிக நுண்ணிய இரத்தக் குழாயான தந்துகியின் விட்டம் 5 முதல் 10 மைக்ரோமீட்டர் வரைதான், ஏறத்தாழ 7.5 மைக்ரோமீட்டர் அகலமுள்ள சிவப்பணு பல இடங்களில் வளைந்து நெளிந்துதான் அதைக் கடக்கிறது. தந்துகியின் சுவர், நாளங்களின் உட்புறத்தில் படர்ந்திருக்கும் எண்டோதீலியச் செல்களின் ஒற்றை அடுக்கே. அதற்கு வெளியே நான்காம் வகைக் கொலாஜன், லாமினின் என்ற புரதங்கள் பின்னிய மெல்லிய அடித்தளச் சவ்வும், அச்சவ்வில் பொதிந்தபடி கிளைகளால் நாளத்தைத் தழுவி நிற்கும் பெரிசைட் செல்களும் உண்டு. தமனிகளுக்கு இருப்பதுபோன்ற தடித்த தசைச்சுவர் இங்கே கிடையாது; ஆகவே, பந்தலை நம்பிப் படரும் கொடியைப் போல, தோலின் நுண்நாளங்கள் இடியையும் இழுப்பையும் தாங்கச் சுற்றியுள்ள கொலாஜன் நார்களையே நம்பியிருக்கின்றன.

வயது ஏற ஏறக் கொலாஜன் உற்பத்தி குறைகிறது. வெயிலின் புறஊதாக் கதிர்களோ, இருக்கும் நார்களையும் வெட்டிச் சிதைக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகின்றன. பிடிமானம் இழந்த நாளம், தோல் சற்றே பக்கவாட்டில் இழுபட்டாலும் கிழிந்துவிடுகிறது. இத்திட்டுகள் புறங்கையிலும் முன்கையிலும் மிகுந்து, ரவிக்கை மறைக்கும் மேற்கையில் அரிதாக இருப்பதற்கு இதுவே காரணம். வடிந்த பிறகு பழுப்புக் கறை தங்கினால், அது சிதைந்த சிவப்பணுக்களின் இரும்புச்சத்துப் படிவே.

வைட்டமின் சி மாத்திரை உதவுமா என்று பலர் கேட்பதுண்டு. கொலாஜன் உறுதிப்பட அந்த வைட்டமின் தேவை என்பதும், அது அறவே குறைந்தால் ஸ்கர்வி நோயில் ஈறுகளிலும் தோலிலும் இரத்தம் கசியும் என்பதும் உண்மை. 1747இல் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துக் கடலோடிகளைத் தேற்றியது அந்நோயிலிருந்துதான். ஆனால் காய்கனிகளை ஒழுங்காக உண்பவருக்கு மாத்திரையால் இத்திட்டுகள் மறையும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வெயிலில் முழுக்கை ஆடை அணியச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு களிம்போ மாத்திரையோ நீண்ட நாளாகப் பயன்படுத்துகிறாரா என்று பாருங்கள். அதுவும் தோலை மெலியச் செய்யும். ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் கசிவை அதிகமாக்கினாலும், மருத்துவரைக் கேட்காமல் அவற்றை நிறுத்தக் கூடாது. மார்பிலோ வயிற்றிலோ திட்டுகள் தோன்றினாலும், ஈறில் இரத்தம் வந்தாலும், மலம் கறுத்துப் போனாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.