மெக்சிகோவில் சொந்தத் தொழில்: டாலர் வருமானத்தை எந்தக் கணக்கில் வாங்குவது?

கேள்வி: நான் கோயம்புத்தூரைச் சேர்ந்தவள், வயது 36. என் கணவருக்கு அவருடைய மென்பொருள் நிறுவனம் குவாடலஹாராவில் பணி கொடுத்ததால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவுக்குக் குடிவந்தோம். அவர் மூலமாக எனக்கும் தற்காலிக வசிப்பு அட்டை கிடைத்தது. அதில் வேலை செய்யும் அனுமதி இல்லை. வீட்டிலிருந்தபடியே இரண்டு அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குக் கைபேசிச் செயலிகளை உருவாக்கிப் பராமரித்துத் தருகிறேன். சராசரியாக மாதம் 2,500 டாலர் வருகிறது. சில மாதம் 1,200 தான், சில மாதம் 4,000. பணம் முழுவதும் ஊரில் இருந்தபோது தொடங்கிய சேமிப்புக் கணக்குக்குப் போகிறது. அதிலிருந்துதான் வீட்டுக்கடன் தவணை 32,000 ரூபாய் கட்டுகிறேன். அந்த வீட்டில் என் பெற்றோர் இருக்கிறார்கள். “பணம் மெக்சிகோவுக்குள் வராதவரை இங்கே வரி கிடையாது” என்கிறார் தெரிந்தவர் ஒருவர். இப்போது உள்ளூர் நிறுவனம் ஒன்று மாதம் 20,000 பெசோவுக்கு வேலை தர முன்வந்து, ‘ஃபக்துரா’ (வரித்துறையில் பதிவாகும் மின்னணு விலைப்பட்டியல்) கொடுக்க முடியுமா என்று கேட்கிறது. நான் வரித்துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டுமா? வரியாக எவ்வளவு போகும்?

பதில்: உங்களுக்குத் தெரிந்தவர் சொன்னது தவறு, சகோதரி. நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பார், ஆனால் அதை நம்பி இருந்தால் நீங்கள்தான் அதிகம் இழப்பீர்கள். மெக்சிகோ தன் வரி வசிப்பாளர் யார் என்று தீர்மானிக்கும்போது நம் நாட்டில் பழகிய 182 நாள் கணக்கை முதலில் பார்ப்பதில்லை. உங்கள் குடியிருப்பு எங்கே இருக்கிறது என்றுதான் பார்க்கிறது. இரு நாடுகளிலும் வீடு இருந்தால், வருமானமும் தொழிலும் மையம் கொண்டிருக்கும் இடம் எது என்பதைப் பார்க்கும். நீங்கள் குடும்பத்தோடு குவாடலஹாராவில் குடியிருந்து, அங்கே உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள். ஆகவே உங்கள் வருமானம் உலகின் எந்த வங்கிக்குப் போனாலும் அது மெக்சிகோவின் வரிக்கு உட்பட்டதே. பதிவு செய்ய வேண்டுமா என்ற கேள்வியை உள்ளூர் நிறுவனம் எழுப்பவில்லை. நீங்கள் வேலையைத் தொடங்கிய நாளிலேயே அது எழுந்துவிட்டது.

நீங்கள் வரி விகிதத்தை நினைத்து அஞ்சுகிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. உங்கள் நிலையில் வருமான வரி மிகச் சிறிய செலவு. இழப்பு உண்டாகும் இடம், பணம் போய்ச் சேரும் அந்தக் கோவைச் சேமிப்புக் கணக்கு. அதனால் மூன்று சிக்கல்கள் ஒருசேர வருகின்றன என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்திய வருமான வரிச் சட்டப்படி, வெளிநாட்டில் வசிப்பவர் வெளிநாட்டில் சம்பாதித்தது பொதுவாக இந்தியாவில் வரிக்கு உட்படாது. ஆனால் அந்த வருமானம் முதன்முதலாகக் கைக்கு வரும் இடமே இந்தியாவாக இருந்தால், ‘இந்தியாவில் பெறப்பட்ட வருமானம்’ என்று அது வரிக்குள் வந்துவிடும். வாடிக்கையாளர் நேராக உங்கள் கோவைக் கணக்கில் போடும் ஒவ்வொரு டாலருக்கும் இது பொருந்தும். அதே பணத்தை முதலில் மெக்சிகோவில் வாங்கிக்கொண்டு, பிறகு அங்கிருந்து ஊருக்கு அனுப்பினால் அது வருமானம் அல்ல, வெறும் பண அனுப்பீடு. இரு நாடுகளுக்கும் இடையே 2007-இல் கையெழுத்தான இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தின் பாதுகாப்பை நீங்கள் கோரலாம்தான். ஆனால் அதற்கு மெக்சிகோ வரித்துறை தரும் வரி வசிப்புச் சான்றிதழ் வேண்டும். பதிவே இல்லாதவருக்கு அந்தச் சான்றிதழ் எங்கிருந்து வரும்?

இரண்டாவது, அந்நியச் செலாவணி விதிகள். வெளிநாட்டில் குடியேறியவர் உள்நாட்டு வசிப்பாளருக்கான சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. வங்கிக்கு எழுதிக்கொடுத்து அதை என்ஆர்ஓ (வெளிநாடுவாழ் இந்தியரின் உள்நாட்டு வருமானத்துக்கான) கணக்காக மாற்ற வேண்டும். கூடவே ஒரு என்ஆர்இ கணக்கும் தொடங்குங்கள். வெளியிலிருந்து அனுப்பும் பணத்தை அதில் போட்டு, தவணையை அதிலிருந்தே பிடிக்கச் சொல்லலாம். என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. ஆனால் மெக்சிகோவில் அதுவும் உங்கள் வருமானம்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. மெக்சிகோவின் மதிப்புக் கூட்டு வரியான ஐவிஏ 16 சதவீதம். செயலி உருவாக்கம், பராமரிப்பு போன்ற தகவல் தொழில்நுட்பச் சேவைகளை வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஏற்றுமதி செய்தால் இது பூச்சியமாகக் குறையும். அந்தச் சலுகைக்குச் சட்டம் சில நிபந்தனைகளை வைத்திருக்கிறது: வாடிக்கையாளரின் வெளிநாட்டு வரி எண்ணை ஃபக்துராவில் குறிக்க வேண்டும், பணம் வெளிநாட்டு வங்கியிலிருந்து மின்னணு முறையில் புறப்பட வேண்டும், அது மெக்சிகோவில் உள்ள உங்கள் வங்கிக் கணக்கில் வந்து சேர வேண்டும். கோவைக் கணக்குக்குப் போகும் பணம் கடைசி நிபந்தனையை மீறுகிறது. டாலருக்கு 18 பெசோ என்று வைத்துக்கொண்டால் உங்கள் 2,500 டாலர் 45,000 பெசோ. அதற்கு 16 சதவீதம் 7,200 பெசோ. அமெரிக்க வாடிக்கையாளர் அதைத் தனியாகத் தரப்போவதில்லை. உங்கள் கையிலிருந்துதான் போகும்.

இனி வருமான வரிக்கு வருகிறேன். 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த ‘ரெசிகோ’ என்னும் எளிய வரி முறை உங்களைப் போன்ற தனிநபர் தொழில் செய்பவர்களுக்கானது. ஆண்டு வருமானம் 35 லட்சம் பெசோவைத் தாண்டாதவர்கள் அதில் சேரலாம். ஒரு மாதத்தில் ஃபக்துரா போட்டுக் கையில் வாங்கிய தொகை 25,000 பெசோ வரை இருந்தால் 1 சதவீதம், 50,000 வரை 1.1 சதவீதம், 83,333 வரை 1.5 சதவீதம், உச்ச விகிதமே 2.5 சதவீதம்தான். அமெரிக்க வேலை மட்டும் இருக்கும் மாதத்தில் 45,000 பெசோவுக்கு உங்கள் வருமான வரி 495 பெசோ. சாதாரண முறையில் இதே விகிதம் படிப்படியாக 35 சதவீதம் வரை ஏறும். அதில் செலவுகளைக் கழிக்கலாம், ரெசிகோவில் கழிக்க முடியாது. செலவு என்று சொல்ல ஒரு மடிக்கணினியும் இணைய இணைப்பும் மட்டுமே வைத்திருக்கும் உங்களுக்கு ரெசிகோவே பொருந்தும் என்பதில் எனக்கு ஐயமில்லை. இருந்தாலும் வாங்கும் பொருளுக்கு ஃபக்துரா கேட்டு வாங்கும் பழக்கத்தை விடாதீர்கள். தொழிலுக்காகச் செய்த செலவில் கட்டிய ஐவிஏயை நீங்கள் செலுத்த வேண்டிய ஐவிஏயில் ஈடுசெய்துகொள்ளலாம்.

இந்தச் சலுகை ஒழுங்கானவர்களுக்கு மட்டும் நிலைக்கும். ஒவ்வொரு மாதக் கணக்கையும் அடுத்த மாதம் 17-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வருமானமே வராத மாதத்துக்கும் பூச்சியம் என்று தாக்கல் செய்யத்தான் வேண்டும். ஒரே ஆண்டில் மூன்று மாதங்களைத் தவறவிட்டால் முறையிலிருந்தே நீக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆகவே ஒரு கொந்தாதோரை (கணக்காளரை) மாதச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொள்ளுங்கள். இங்கே கணக்காளருக்குக் கொடுக்கும் தொகையை வீண் செலவாக நினைக்கும் நம்மவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அது வருத்தத்துக்குரியது.

உள்ளூர் நிறுவனத்தின் 20,000 பெசோ எப்படி வந்து சேரும் என்பதையும் பாருங்கள். ஃபக்துராவில் 20,000-உடன் ஐவிஏ 3,200 சேர்த்து 23,200 என்று எழுதுவீர்கள். நிறுவனம் அதில் வருமான வரியாக 1.25 சதவீதம், அதாவது 250 பெசோ பிடித்துக்கொள்ளும். ஐவிஏயில் மூன்றில் இரண்டு பங்கான 2,133 பெசோவையும் பிடித்துக்கொள்ளும். கையில் வருவது ஏறத்தாழ 20,817 பெசோ. அதிலும் 1,067 பெசோ நீங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய மீதி ஐவிஏ. அது வந்த அன்றே அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அந்த மாதத்தின் மொத்த வருமானம் 65,000 ஆகிவிடுவதால் விகிதம் 1.5 சதவீதத்துக்கு ஏறும். வரி 975 பெசோ, பிடித்த 250 போக நீங்கள் கட்டுவது 725. விகிதம் முழுத் தொகைக்கும் பொருந்தும், கூடுதலான பகுதிக்கு மட்டுமல்ல என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் இந்த வேலையை இன்றே ஒப்புக்கொள்ள வேண்டாம். உள்ளூர் நிறுவனத்திடம் பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்ய உங்கள் வசிப்பு அட்டையில் அனுமதி வேண்டும். தற்காலிக வசிப்பாளர் சுயதொழிலுக்கு அனுமதி கேட்கும்போது, குடிவரவு அலுவலகம் ஆர்எஃப்சி என்னும் வரிப் பதிவின் நகலையும், என்ன தொழிலை எந்த முகவரியில் செய்யப்போகிறீர்கள் என்ற உறுதிமொழிக் கடிதத்தையும் கேட்கும். ஆகவே முதலில் சாட் என்னும் வரித்துறை அலுவலகம், பிறகு குடிவரவு அலுவலகம், அதன் பின்பே உள்ளூர் ஃபக்துரா. சாட் அலுவலகத்தில் நேரம் பதிவு செய்ய இடம் கிடைப்பதே கடினம் என்பதால் இன்றே இணையத்தில் வரிசையில் நில்லுங்கள். பாஸ்போர்ட், வசிப்பு அட்டை, 18 எழுத்துகள் கொண்ட குர்ப் என்னும் அடையாள எண், முகவரிச் சான்று ஆகியவற்றோடு ஒரு பென்டிரைவும் எடுத்துச் செல்லுங்கள். கைரேகையையும் கருவிழியையும் பதிவு செய்துகொண்டு, மின்னணுக் கையொப்பக் கோப்புகளை அதில்தான் ஏற்றித் தருவார்கள். அந்தக் கோப்புகளையும் கடவுச்சொல்லையும் கணக்காளர் உட்பட எவரிடமும் விட்டுவைக்காதீர்கள். உங்கள் பெயரில் எதையும் கையெழுத்திட அது போதும்.

முகவரிச் சான்றாகப் பெரும்பாலும் சிஎஃப்இ என்னும் அரசு மின்வாரியத்தின் மின்கட்டண ரசீதுதான் பயன்படும் என்பதால் அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் அந்த ரசீதில் உங்கள் கட்டண வகை ‘1’ என்று இருந்தால், கடந்த 12 மாதங்களின் சராசரிப் பயன்பாடு மாதம் 250 யூனிட்டைத் தாண்டும்போது மானியம் முழுவதும் நீங்கி ‘டாக்’ என்னும் உயர்கட்டணத்துக்கு மாற்றிவிடுவார்கள். நாள் முழுவதும் வீட்டில் கணினி ஓடும் குடும்பங்கள் தெரியாமலே அதில் விழுகின்றன.

அடுத்து, உங்கள் பணத்தை மூன்று நாணயங்களுக்கிடையே எப்படிப் பங்கிடுவது என்பது. வருமானம் டாலரில், வாடகையும் மளிகையும் பெசோவில், கடன் ரூபாயில். 2024 ஏப்ரலில் ஒரு டாலருக்கு 16.50 பெசோதான் கிடைத்தது. அந்த ஆண்டு சூன் மாதத் தேர்தலுக்குப் பிறகு பெசோ சரிந்து, ஆண்டு முடிவில் 20-ஐத் தாண்டியது. உங்கள் 2,500 டாலர் முதல் விகிதத்தில் 41,250 பெசோ, இரண்டாவதில் 50,000. வேலையில் எந்த மாற்றமும் இல்லாமலேயே மாதம் 8,750 பெசோ வேறுபாடு. ஆகவே வீட்டுக்கு எவ்வளவு தருவது என்பதைச் சராசரி மாதத்தை வைத்தோ நல்ல விகிதத்தை வைத்தோ தீர்மானிக்காதீர்கள். 1,500 டாலரை 16.50-ஆல் பெருக்கி வரும் ஏறத்தாழ 24,700 பெசோவை உங்கள் ‘சம்பளம்’ என்று நிர்ணயித்துக்கொள்ளுங்கள். நல்ல மாதங்களின் மிச்சம் 1,200 டாலர் மாதங்களை நிரப்பும்.

இந்தச் சம்பளத்துக்கு வெளியே முதலில் ஒதுக்க வேண்டியது தவணை. டாலருக்கு 85 ரூபாய் என்று பாதுகாப்பாகக் கணக்கிட்டால் 32,000 ரூபாய்க்கு 375 டாலர் அளவு தேவை. மூன்று தவணைக்கான 96,000 ரூபாய் என்ஆர்இ கணக்கில் எப்போதும் இருக்கட்டும். டாலர் பெசோவாக மாறி, மீண்டும் ஊருக்குப் போகும்போது இரண்டு முறை மாற்றுக் கழிவு போகிறதே என்று நீங்கள் கேட்கலாம். போகத்தான் செய்யும். தவணைக்குத் தேவையான தொகைக்கு மட்டும் அந்த இழப்பை ஏற்றுக்கொண்டு, மீதியை மெக்சிகோவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 16 சதவீத ஐவிஏயோடு ஒப்பிட்டால் அது சிறிய விலை. உரிமம் பெற்ற வங்கி என்றால் ஒருவருக்கு ஒரு வங்கியில் விலைவாசியோடு மதிப்பு ஏறும் ‘உதி’ என்னும் கணக்கு அலகில் 4 லட்சம் வரை, அதாவது 30 லட்சம் பெசோவுக்கும் மேலே, வைப்புத்தொகைக்கு அரசின் காப்பீடு இருக்கிறது.

மருத்துவத்தைப் பொறுத்தவரை, உங்கள் கணவரின் நிறுவனம் அவரை இம்எஸ்எஸ் என்னும் அரசு சமூகக் காப்பீட்டில் சேர்த்திருக்கும். மனைவி என்ற முறையில் உங்களையும் அதில் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் உங்கள் வசிப்புரிமை, மருத்துவம் இரண்டும் அவருடைய ஒரே வேலையில் தொங்குகின்றன என்பது எனக்குக் கவலை அளிக்கிறது. சுயதொழில் செய்பவர்கள் தாங்களே சந்தா கட்டி இம்எஸ்எஸ்-இல் சேரும் வழியும் உண்டு. அதில் ஓய்வூதியச் சேமிப்பும் அடங்கும். உள்ளூர் வருமானம் நிலைத்த பிறகு அதைப் பரிசீலியுங்கள்.

கடந்த இரண்டு ஆண்டுகளை மூடி மறைக்க வேண்டாம். வரித்துறை கண்டுபிடித்து அறிவிப்பு அனுப்பும் முன் தானாக முன்வந்து கட்டுபவருக்கு அபராதம் இல்லை. தாமத வட்டியும் விலைவாசி ஏற்றத்துக்கான சரிக்கட்டலும் மட்டுமே. பழைய மாதங்களுக்கு ரெசிகோ விகிதம் கிடைக்கும் என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். பழைய ஐவிஏ எவ்வளவு நிற்கிறது என்பதையும் கொந்தாதோரிடம் வங்கிப் பட்டியலோடு உட்கார்ந்து பாருங்கள். கோவையில் ஒரு பட்டயக் கணக்காளரிடம் இந்தியப் பக்கத்தையும் இதே மாதத்தில் ஒப்படையுங்கள். இங்கே கணக்காண்டு சனவரியில் தொடங்குகிறது, அங்கே ஏப்ரலில். இருவருக்கும் ஒரே வருமானப் பட்டியலை மாதவாரியாகக் கொடுத்தால்தான் எண்கள் பொருந்தும்.

உள்ளூர் நிறுவனத்துக்கு இப்படி எழுதுங்கள்: வரிப் பதிவும் வேலை அனுமதியும் விண்ணப்ப நிலையில் உள்ளன, அவை கிடைத்த மாதத்திலிருந்து ஃபக்துராவோடு வேலையைத் தொடங்குகிறேன், தொகை 20,000 பெசோவும் ஐவிஏயும். ‘ஐவிஏயும்’ என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டால் 20,000-க்குள்ளேயே அது அடக்கம் என்று சொல்லிவிடுவார்கள்.