பெரிய தொலைநோக்கி வாங்கினால் ஈர்ப்பு வில்லையைக் கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி: என்னிடம் எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி இருக்கிறது. ஈர்ப்பு வில்லையால் வளைந்து தெரியும் கேலக்ஸிகளை அமெச்சூர்களே கண்டுபிடித்ததாகப் படித்தேன். கடன் வாங்கிப் பன்னிரண்டு அங்குலம் வாங்கினால் எனக்கும் முடியுமா சார்?
- உசிலம்பட்டி வாசகர்

பதில்: கடன் வேண்டாம் தம்பி. ஈர்ப்பு வில்லை என்பது, பின்னால் உள்ள கேலக்ஸியின் ஒளியைத் தன் ஈர்ப்பால் வில்லைபோல் வளைக்கும் முன்னால் உள்ள கேலக்ஸி. அதைக் கண்டுபிடித்ததாக நீங்கள் படித்த அந்த அமெச்சூர்கள் மொட்டைமாடியில் நின்று தேடியவர்கள் அல்ல. பெரிய தொலைநோக்கிகள் எடுத்த படங்களை வீட்டுக் கணினியில் பார்த்தவர்கள். 2013-ல் தொடங்கிய 'ஸ்பேஸ் வார்ப்ஸ்' திட்டத்தில் சுமார் 37,000 தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். கணினி நிரல்கள் ஏற்கெனவே சலித்த படங்களிலிருந்தே, வில்லையாக இருக்க நல்ல வாய்ப்புள்ள 29 புதிய கேலக்ஸிகளை எடுத்துக் கொடுத்தார்கள். யூக்ளிட் விண்கலத்தின் படங்களிலிருந்து 2025-ல் வெளியான சுமார் 500 வில்லைகளின் பட்டியலிலும் தன்னார்வலர்களின் உழைப்பு உண்டு. யூக்ளிட் முழு வானாய்வையும் முடிக்கும்போது ஒரு லட்சம் வரை எதிர்பார்க்கிறார்கள். அதனால் இனிமேல்தான் வேலையே.

கண்ணைப் பழக்குவதுதான் முக்கியம். படத்தின் நடுவில் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ, மழமழவென்று ஒரு கேலக்ஸி இருக்கும். சற்றுத் தள்ளி, அதை அணைத்தாற்போல் மெல்லிய நீல வில் தெரிகிறதா? அப்புறம் எதிர்ப்புறம் பாருங்கள். மையத்துக்கு இன்னும் நெருக்கமாக, அதே நீலத்தில் சின்னப் பொட்டு இருந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். பின்னால் வெகுதொலைவில் உள்ள ஒரே கேலக்ஸியின் ஒளிதான், முன்னால் இருப்பதன் ஈர்ப்பால் வளைந்து இரண்டு வழியாக வருகிறது. ஈர்ப்பு எல்லா நிறத்தையும் ஒரே அளவில் வளைப்பதால் இரண்டும் ஒரே நிறமாக இருக்கும்.

அதிகம் ஏமாற்றுவது சுருள் கேலக்ஸியின் கை. வில்லின் நுனியிலிருந்து உள்நோக்கிப் பின்தொடருங்கள். மையத்தில் போய் ஒட்டினால் அது கைதான். தயங்காமல் 'இல்லை' என்று குறியுங்கள், அதற்கும் மதிப்பு உண்டு. செயற்கை வில்லைகளை நடுநடுவே நுழைத்து உங்கள் கணிப்பைச் சோதிக்கவும் செய்வார்கள். செல்போன் திரை போதாது, லேப்டாப்பில் பாருங்கள்.

சரி, வானத்திலேயே ஒன்றைப் பார்க்க ஆசையா? 1979-ல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஈர்ப்பு வில்லைக் காட்சியான 'இரட்டைக் குவாசார்' (குவாசார் என்பது வெகுதொலைவுக் கேலக்ஸி ஒன்றின் மிகப் பிரகாசமான மையம்; வில்லையால் இரண்டாகத் தெரிகிறது) சப்தரிஷி மண்டலத்தில், என்.ஜி.சி. 3079 கேலக்ஸிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மார்ச் கடைசியில் இரவு பத்து மணிவாக்கில் அது உங்களுக்கு வடக்கே நல்ல உயரத்தில் நிற்கும். மதுரையின் வெளிச்சம் கிழக்கே இருப்பதால் தொந்தரவு குறைவு. என்.ஜி.சி. 3079 உங்கள் எட்டு அங்குலத்திலேயே மங்கலான கீற்றாகச் சிக்கும். குவாசாரின் பிரகாசமோ சுமார் 16.7 மேக்னிட்யூட் (இந்த எண் கூடக்கூட மங்கல்), பன்னிரண்டு அங்குலத்திலும் கண்ணுக்கு அகப்படுவது மிகக் கடினம். வானத்தின் சுழற்சியோடு சேர்ந்து திரும்பும் மவுண்ட்டும் (தொலைநோக்கியைத் தாங்கும் அமைப்பு) கேமராவும் இருந்தால் எட்டு அங்குலமே அதைப் படம்பிடித்துவிடும். காசு சேர்ந்தால் முதலில் அந்த மவுண்ட்டை வாங்குங்கள்.