20 பஸ், 12 டிரக்: பேட்டரிக்கு மாறலாமா?

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "சிட்டிக்குள்ள 20 ஏசி பஸ்ஸும் 12 டிரக்கும் ஓட்டுறோம், எல்லாமே டீசல். பஸ் ஒரு நாளைக்கு 180 கிலோமீட்டர், டிரக் 80 கிலோமீட்டர் ஓடும். ராத்திரி எல்லாம் எங்க டிப்போவுக்கே வந்துடும். டிரக்ல பாதி பார்சல், பாதி கட்டட சாமான். பேட்டரி வண்டிக்கு மாறுனா நடு ரோட்ல நின்னுடுமோன்னு பயமா இருக்கு. நெசமாவே ஒத்துவருமா?"

ஒத்துவரும். சீனாவுல ஷென்சென் நகரம் 2017லயே 16,000க்கும் மேல இருக்கற தன்னோட பஸ் மொத்தத்தையும் பேட்டரிக்கு மாத்திடுச்சு, அதனால வண்டி ஓடுமாங்கற சந்தேகம் இனிமே வேண்டாம். உங்க ரூட்டுக்கு எத்தனை யூனிட் (கரண்ட் பில்ல வர்ற அதே யூனிட்தான், ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடுனா ஒரு யூனிட்) பேட்டரி வேணும், அத்தனை வண்டிக்கும் ராத்திரி கரண்ட் எங்கேர்ந்து வரும், இந்த ரெண்டுலதான் நிறைய பேர் சறுக்குறாங்க.

சிட்டி ஓட்டம் பேட்டரிக்கு நல்லா சாதகமான ஓட்டம். நின்னு நின்னு போற டிராஃபிக்ல டீசல் இன்ஜின் சும்மா உறுமிக்கிட்டே எண்ணெய் குடிக்கும், பிரேக் போடுறப்போ இருக்கற வேகமெல்லாம் சூடாப் போயிடும். பேட்டரி பஸ்ல பிரேக் மிதிச்சா மோட்டாரே ஜெனரேட்டர் மாதிரி வேலை செஞ்சு அதுல ஒரு பகுதியை திரும்ப பேட்டரிக்கு அனுப்பிடும், நின்னா மோட்டார் எதுவும் தின்னாது, பிரேக் பேடும் ரொம்ப நாள் வரும்.

இப்போ கணக்கு. 12 மீட்டர் ஏசி பஸ் கிலோமீட்டருக்கு ஒண்ணுல இருந்து ஒன்றரை யூனிட் வரைக்கும் எடுக்கும். 1.2னு வெச்சா உங்க 180 கிலோமீட்டருக்கு 216 யூனிட். 300 யூனிட் பேட்டரி வாங்குறீங்க, அதை சுத்தமா காலி பண்ணக்கூடாது, 85 சதவீதம் எடுக்கலாம்னா 255 யூனிட் கையில இருக்கு, தாராளமா ஓடும். ஆனா பேட்டரிக்கும் வயசாகும். கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்குற நாள்ல அதே பேட்டரி குடுக்கறது 204 யூனிட்தான், 216 கேக்குற ஷெட்யூலுக்கு அது பத்தாது. புது வண்டில டெமோ ஓட்டிக் காட்டுறதை மட்டும் நம்பாதீங்கன்னு நான் சொல்றது இதுக்காகத்தான். இதுக்காக பெரிய பேட்டரியும் வாங்க வேணாம், மதியம் கூட்டம் கம்மியா இருக்கற நேரத்துல 120 கிலோவாட் சார்ஜர்ல அரை மணி நேரம் போட்டா 50 யூனிட்டுக்கு மேல ஏறிடும், அந்த இடைவெளியை இப்பவே ஷெட்யூல்ல எழுதி வெச்சுடுங்க.

ஏசி விஷயம் கொஞ்சம் கவனமா பாக்கணும், ஏன்னா அது மணிக்கணக்குல கரண்ட் எடுக்குது, கிலோமீட்டர் கணக்குல இல்ல. சராசரியா 8 கிலோவாட் இழுக்குதுன்னு வெச்சுக்கங்க, மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்துல போனா கிலோமீட்டருக்கு கால் யூனிட், டிராஃபிக்ல 16க்கு இறங்கிட்டா அதுவே அரை யூனிட். அதனால நீளமான ரூட்டை விட மெதுவா நகர்ற ரூட்தான் சில சமயம் பேட்டரியை அதிகமா தின்னும். குளிர் ஊர்ல ஹீட்டருக்கும் இதே கதைதான், அங்க டீசல் இன்ஜினோட சூடு ஓசியா கிடைச்சுக்கிட்டிருந்துச்சு. உங்க ரூட்லயே ரொம்ப சூடான ஒரு நாள்ல, ஆள் நிரப்பி, ஏசி போட்டு ஓட்டிப் பாத்த அளவை மட்டும் வெச்சு முடிவெடுங்க.

அடுத்தது டிப்போ, எனக்கு உண்மையான கவலை இங்கதான். 20 பஸ்ஸுக்கு 4,320 யூனிட், சார்ஜ் ஆகறப்போ வீணாகறதையும் சேத்தா ஏறக்குறைய 4,800. வண்டியெல்லாம் வந்ததும் ஒரே நேரத்துல 120 கிலோவாட்ல சொருகுனா 2,400 கிலோவாட் லோடு. அதையே ராத்திரி 6 மணி நேரத்துக்கு பிரிச்சு, எந்த பஸ் காலைல மொதல்ல கிளம்புதோ அதுக்கு மொதல்லன்னு சாஃப்ட்வேர் வெச்சு ஏத்துனா 800 கிலோவாட்ல முடிஞ்சுடும். மூணுல ஒரு பங்கு! டிரான்ஸ்ஃபார்மர், கேபிள், அதிகபட்ச லோடுக்காக மாசா மாசம் கட்டுற டிமாண்ட் சார்ஜ் எல்லாமே இதை வெச்சுத்தான். 800 கிலோவாட் கூட சின்ன லோடு இல்ல, ஹைடென்ஷன் லைன் வாங்க மாசக்கணக்குல ஆகலாம், அதனால பஸ் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி கரண்ட்டுக்கு அப்ளிகேஷன் குடுங்க, பஸ் வந்து கரண்ட் வராம வெயில்ல நிக்குறதை விட மோசம் எதுவும் இல்ல.

டிரக்ல பாதிக்கு சரி, பாதிக்கு பொறுங்க. 300 யூனிட் பேட்டரி ரெண்டு டன் வரைக்கும் எடை வரும். பார்சல் வண்டில எடை ஏறுறதுக்கு முன்னாடி இடம் நிரம்பிடும், அதனால பேட்டரி எடை உறுத்தாது. அந்த சின்ன டிரக்குக்கு ஒரு நாளைக்கு 60 யூனிட் போதும், பேட்டரியும் சின்னது, ஆறு வண்டியையும் விடியறதுக்குள்ள மெதுவா ஏத்துற சாதாரண சார்ஜர்லயே ஏத்திடலாம், மொத்தமா 50 கிலோவாட் கிட்டதான் வரும். நானா இருந்தா பஸ்ஸுக்கு லைன் வர்றதுக்குள்ள இந்த ஆறையும் மாத்தி டிரைவருங்களையும் மெக்கானிக்குங்களையும் பழக்கிடுவேன். சிமெண்ட், கம்பி ஏத்துறது வேற, அங்க ஒவ்வொரு டன்னும் காசு, பேட்டரி எடுத்துக்கற எடை நேரா உங்க லோடுல குறையும். லோடு ஏத்தி எடை மேடைல நிறுத்தி பாக்காம அதை மாத்தாதீங்க.

டயர் சீக்கிரம் தேயும், வண்டி எடையும் மோட்டாரோட இழுவையும் சேர்ந்து வேலை காட்டும், மிதிக்கிற விதத்தை டிரைவருக்கு சொல்லிக் குடுத்தா நிறைய குறையும். ஆரஞ்சு கலர் கேபிள்ல நூத்துக்கணக்கான வோல்ட் ஓடுது, பயிற்சி எடுக்காத யாரும் அதை தொடக்கூடாது, இதுல சமரசமே வேண்டாம்.

பேட்டரி வகை கேட்டா எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) எடுங்க. நிக்கல் கலந்ததை விட கொஞ்சம் கனம்தான், ஆனா ஆயுசு அதிகம், தீப்பிடிக்கிற அபாயம் கம்மி, ஆள் ஏத்துற வண்டிக்கு எனக்கு அதுதான் மனசுக்கு சரியா படுது. வாரண்டில வருஷத்தை மட்டும் எழுத விடாதீங்க, எத்தனை சதவீத கொள்ளளவுக்கு கீழ போனா மாத்தித் தருவாங்க, அதை யார் அளக்கறது, வண்டி நிக்குற நாளுக்கு மாத்து வண்டி யார் தர்றது, மூணையும் கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கிக்கங்க.