திருப்பி அடிக்கும் வலிமையா, தாங்கி நிற்கும் வலிமையா?

கேள்வி: மின்பொறியியல் இறுதியாண்டு மாணவி நான். இணையவழிப் போரில் திருப்பித் தாக்கும் வலிமை இருந்தால்தான் எதிரி அஞ்சுவான், தற்காப்பைப் படிப்பது வீண் என்கிறார் என் அண்ணன். நான் எதைப் படிப்பது?

பதில்: உங்கள் அண்ணன் சொல்வது அணுகுண்டுக்குப் பொருந்தும். 1998இல் பொக்ரானில் நடந்த சோதனையை உலகமே அறிந்தது. அதனால் குண்டின் வலிமை குறையவில்லை. இணைய ஆயுதமோ வெளியே தெரிந்ததும் கெட்டுவிடும். ஈரானின் நட்டான்ஸ் ஆலையில் யுரேனியம் செறிவூட்டும் மையவிலக்குகளைச் சிதைத்த ஸ்டக்ஸ்நெட் என்ற நாசநிரல், விண்டோஸில் அடைபடாதிருந்த நான்கு ஓட்டைகளை நம்பியிருந்தது. 2010இல் அது அம்பலமானதும் மைக்ரோசாஃப்ட் அவற்றை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டது. ஆகவே நாடுகள் இத்தகைய ஆயுதங்களை மறைத்தே வைக்கின்றன. எதிரியின் கண்ணில் படாத ஆயுதம் அவனை எப்படி அச்சுறுத்தும்?

2015 டிசம்பர் 23 அன்று மேற்கு உக்ரைனின் மின்விநியோகக் கட்டுப்பாட்டு அறை ஒன்றில், பணியாளரின் கண்முன்னே திரையில் அம்புக்குறி தானாகவே நகர்ந்து, துணைமின் நிலையத்தின் பிரேக்கர்களை, அதாவது மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சுவிட்சுகளை, அணைக்கத் தொடங்கியது. அவர் மவுஸைப் பற்றி இழுத்துப் பார்த்தும் அது அடங்கவில்லை. கணக்கிலிருந்து வெளியே தள்ளப்பட்டவர் மீண்டும் நுழைய முயன்றபோது கடவுச்சொல்லும் மாற்றப்பட்டிருந்தது. அன்று மூன்று நிறுவனங்களின் ஏறத்தாழ 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போயிற்று. ஆனால் சில மணி நேரத்திலேயே திரும்பியும் வந்தது. ஊழியர்கள் வண்டியேறித் துணைமின் நிலையங்களுக்கு விரைந்து, பிரேக்கர்களைக் கையாலேயே போட்டதுதான் காரணம். என்னைப் பொறுத்தவரை, அன்றைய உண்மையான படைவலிமை அந்த ஊழியர்களிடம்தான் இருந்தது.

ரஷ்ய ராணுவ உளவுத்துறை அதிகாரிகள் ஆறு பேர் மீது அமெரிக்கா இந்தத் தாக்குதலுக்காகக் குற்றம் சாட்டியபோது 2020 அக்டோபர் ஆகியிருந்தது. இடையில் 2016 டிசம்பரில் கீவ் நகரின் மின்சாரம் மீண்டும் தாக்கப்பட்டது. 2017இல் நோட்பெட்யா என்ற நாசநிரல் உலக நிறுவனங்களையே முடக்கியது. அடித்தவன் மீது பெயர் சொல்லிக் குற்றம் சாட்டவே ஐந்தாண்டு பிடிக்குமானால், திருப்பி அடிப்போம் என்ற மிரட்டலுக்கு அவன் ஏன் பணியப்போகிறான்? தாக்கும் திறன் ஒரு நாட்டுக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. அடித்தும் பயனில்லை, இரவுக்குள் விளக்கு எரிந்துவிடும் என்று எதிரி அறிந்திருப்பதும் அவனைத் தயங்கவைக்கும்.

எனவே தயங்காமல் தற்காப்பையே படியுங்கள்: ரிலே பாதுகாப்பு, கட்டுப்பாட்டு அமைப்புகள், அவற்றின் தகவல் தொடர்பு. பயிற்சிக்காகத் துணைமின் நிலையத்துக்குப் போகும் அன்றே, கணினி முழுவதும் முடங்கினால் பிரேக்கரைக் கையால் போட அங்கே எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேளுங்கள். நீங்களும் அருகில் நின்று கற்றுக்கொள்ளுங்கள்.