சிதம்பரத்தில் காந்தம் இருக்கிறதா?

கேள்வி: எங்கள் வீடு கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலுக்கு அருகில். மாமனார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தினமும் பெரியபுராணம் படிப்பவர். கொஞ்ச காலமாக வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் வாசித்துக் காட்டுகிறார். சிதம்பரம் நடராசர் கோயில் பூமியின் காந்தப் புலத்துக்கு மையப் புள்ளியாம். பூமியின் வயதை நம் புராணங்கள் அப்போதே சொல்லிவிட்டனவாம். என் மகன் புதுச்சேரியில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறான். போன மாதம் வந்தபோது பொறுக்க முடியாமல், "அப்பர் கல்லில் மிதந்து வந்ததும் கட்டுக்கதை, இந்தப் புத்தகங்கள் எல்லாமே கட்டுக்கதை" என்று சொல்லிவிட்டான். மாமா அன்றிலிருந்து அவனிடம் பேசுவதில்லை. நான் தினமும் தேவாரம் பாடுகிறவள், பி.எஸ்ஸி. வேதியியலும் படித்தவள். இவர்களில் யார் சொல்வது சரி? நான் எதை நம்புவது?
- ஒரு வாசகி, கடலூர்

பதில்: சிதம்பரம் விஷயத்தில் உங்கள் மகன் சரி. அப்பர் விஷயத்தில் பாதிதான் சரி. "எல்லாமே கட்டுக்கதை" என்றானே, அது சுத்தமாகத் தவறு. அந்தக் கடைசி விஷயத்தைப் பேசத்தான் எனக்கு அதிக ஆசை. இருந்தாலும் வரிசையாகவே வருகிறேன்.

அந்தச் சிதம்பரம் செய்தி வராத தமிழ்க் கைபேசி இருக்குமா என்று தெரியவில்லை. பூமியின் காந்தப் புலத்துக்கு நிலத்தின் மேல் மையப் புள்ளி என்று ஒன்று கிடையாது. காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கிற இடங்களை இணைக்கும் காந்த நடுக்கோடு என்று ஒன்று உண்டு. அது உலகத்தைச் சுற்றிப் போகிற ஒரு கோடு, இடமும் மெல்ல மெல்ல மாறிக்கொண்டிருக்கும். இந்தியாவில் அது தென்கோடி வழியாகப் போகிறது. 1963-இல் முதல் ராக்கெட்டை ஏவுவதற்குத் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே அந்தக் கோட்டுக்கு அருகில் இருந்ததால்தான். சிதம்பரம் அதற்கு நன்றாக வடக்கே தள்ளி இருக்கிறது.

ஆனால் அதே செய்தியில் ஒரு உண்மையும் ஒட்டிக்கொண்டிருக்கும். சிதம்பரம், காஞ்சிபுரம், காளத்தி மூன்றும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. வரைபடத்தில் பார்க்கலாம், 79 பாகை (டிகிரி) 41, 42 கலைக்குள் (நிமிடம்) மூன்றும் அடங்கும். ஆச்சரியம்தான். அப்புறம் பஞ்சபூதத் தலங்கள் ஐந்தாயிற்றே, மீதி இரண்டு எங்கே? திருவண்ணாமலையும் திருவானைக்காவும் மேற்கே வெகுதூரம் விலகி நிற்கின்றன. செய்தியை எழுதிய புண்ணியவான் பொருந்திய மூன்றை வைத்துக்கொண்டு, பொருந்தாத இரண்டைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டார்.

பூமியின் வயதும் இப்படித்தான். ஒரு கல்பம், அதாவது பிரம்மாவின் ஒரு பகல், 432 கோடி ஆண்டு என்கின்றன புராணங்கள். புவியியல் கணக்கில் பூமிக்கு வயது சுமார் 454 கோடி. கிட்ட வருகிறதே என்று தோன்றும். ஆனால் 432 கோடி என்பது கல்பத்தின் முழு நீளம். இந்தக் கல்பத்தில் இதுவரை கழிந்தது அந்த நூல்களின் கணக்குப்படியே சுமார் 197 கோடிதான். பூமிக்கு இன்றைய வயது என்று ஒப்பிட வேண்டுமானால் அந்த 197-ஐத்தானே எடுக்க வேண்டும்? மாமா பஞ்சாங்கம் பார்க்கிறவராக இருந்தால் இது அவருக்கு உங்களை விட நன்றாகவே தெரியும். யாரோ அனுப்பினார்கள் என்பதற்காகத் தனக்குத் தெரிந்ததை மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட செய்திகளால் அறிவியலுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டம் நடராசருக்குத்தான். அந்தக் கூத்தனின் குனித்த புருவத்தையும் குமிண் சிரிப்பையும் காணப் பெற்றால் இந்த மாநிலத்தில் மனிதப் பிறவியும் வேண்டியதுதான் என்று அப்பர் பாடினார். பிறவியே வேண்டாம் என்கிற மரபில் வந்தவர் அப்படிச் சொல்கிறார்! அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காந்தத்தை வைப்பானேன்? மாமா அடுத்தபடி ஜெனீவாவின் செர்ன் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நிற்கிற நடராசர் சிலையை எடுப்பார். அது 2004-இல் இந்திய அரசு கொடுத்த பரிசு. அழகான பரிசு. ஆனால் சான்றிதழ் இல்லை.

சரி, இப்போது அப்பர்.

கருங்கல் தண்ணீரைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் கனம். மிதக்காது. இதில் பேரம் பேச இடமில்லை, வேதியியல் படித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் உங்கள் மகன் அங்கேயே நின்றுவிட்டான். ஒரு பழைய நூலைப் பார்த்து, சொல்கிறவர் யார், நடந்ததற்கும் அவருக்கும் எவ்வளவு தூரம், நூலுக்கு வெளியே வேறு யாராவது அதைச் சொல்கிறார்களா என்று கேட்க வேண்டும். சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டுக்காரர், அப்பர் 7-ஆம் நூற்றாண்டு. நடுவில் 500 ஆண்டு. அதனால் சேக்கிழாரை மட்டும் வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது. ஆனால் அப்பரே பேசியிருக்கிறாரே! "கல்லினோடு எனைப் பூட்டி அமண்கையர்" (சமணர்) தன்னை நீரில் தள்ளியதாகவும், ஈசன் நாமத்தைச் சொல்லிப் பிழைத்ததாகவும் திருநீலக்குடிப் பதிகத்தில் தன் வாயாலேயே சொல்கிறார். "கற்றுணைப் பூட்டியோர் கடலில் பாய்ச்சினும்" நீங்கள் தினம் பாடுகிற வரிதான். ஆக, ஒருவர் கல்லோடு கட்டித் தண்ணீரில் தள்ளப்பட்டார், எப்படியோ பிழைத்தார் என்பது 500 ஆண்டு கழித்து முளைத்த கதை இல்லை. அனுபவித்தவர் என்று சொல்லிக்கொள்கிறவரின் வாக்குமூலம். எப்படிப் பிழைத்தார் என்பதை வரலாற்றால் சொல்ல முடியாது. கல் மிதந்தது என்றால் இயற்பியல் ஒப்பாது. ஒப்பாததால்தான் அது அற்புதம் என்பார் மாமா. அந்த இடத்தில் இருவரும் வாதத்தை நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் தொண்டை வறளும், ஒன்றும் கிடைக்காது.

சேக்கிழார் இன்னொன்றும் சொல்கிறார். சமணத்திலிருந்து சைவத்துக்கு மனம் மாறிய பல்லவ மன்னன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அந்தப் பொருளைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் கட்டினான் என்று. குணபரன் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். திருச்சி மலைக்கோட்டைக் குகையில் அந்த அரசன் வேறு நெறியிலிருந்து திரும்பி லிங்கத்தைப் பற்றியதாகக் கல்வெட்டு இருக்கிறது. 500 ஆண்டுக்குப் பின் வந்த புலவர் ஒரு அரசனின் பட்டப்பெயரைச் சரியாக வைத்திருக்கிறார் என்றால், அவர் கையில் ஏதோ பழைய செய்தி இருந்திருக்கிறது. அதற்காக அவர் சொன்ன எல்லாமே உறுதியாகிவிடாது. இந்தச் சண்டையில் சமணர் தரப்பு என்ன சொன்னது என்பதைக் கேட்க நமக்கு அவர்கள் நூல் எதுவும் மிஞ்சவில்லை. வென்றவர் சொன்னதை மட்டும் கேட்கிறோம் என்ற நினைப்பு மாமாவுக்கும் கொஞ்சம் இருக்கட்டும்.

அந்தச் சமணப் பள்ளி இருந்த பாடலிபுத்திரம் எது என்று நினைக்கிறீர்கள்? உங்கள் ஊர்தான் என்கிறார்கள் அறிஞர்களில் பெரும்பாலோர்.

இங்கே ஒரு நூல் உருவானது. பெயர் லோகவிபாகம். பாண ராஷ்டிரத்துப் பாடலிகா என்ற ஊரில் சர்வநந்தி என்ற சமண முனிவர் எழுதியதாக அதன் இறுதிப் பாடல்கள் சொல்கின்றன. மூலம் போய்விட்டது, பின்னால் சிம்மசூரி என்பவர் செய்த சமஸ்கிருத வடிவம்தான் நம்மிடம் இருக்கிறது. சமணர்கள் உலகத்தை எப்படிக் கண்டார்கள் என்பதுதான் அதில் விஷயம். நடுவில் மேரு மலை, சுற்றி வட்ட வட்டமாகத் தீவுகளும் கடல்களும். ஜம்புத்தீவுக்கு மட்டும் இரண்டு சூரியன், இரண்டு சந்திரன். உங்கள் மகனிடம் கொடுத்தால் முதல் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவான். உலகத்தின் வடிவத்தைப் பொறுத்தவரை அவன் செய்வது சரிதான், அதில் ஒரு வரிகூடத் தேறாது.

ஆனால் அந்த நூலில்தான் பெரிய பெரிய எண்களை இடமதிப்பு முறையில், பூஜ்யத்தோடு சொல்லியிருக்கிறார்கள். காலம் தெரிந்த நூல்களில் அப்படிச் செய்த மிகப் பழையவற்றில் இது ஒன்று. அந்த நூல்தான் காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டும் சக ஆண்டு 380-உம் ஒன்று என்று சொல்கிறது. அதாவது கி.பி. 458. பழைய பல்லவர்களின் கால வரிசையை ஒழுங்கு செய்ய முயன்றவர்களுக்கு இந்த ஒரு வரி எவ்வளவு பெரிய பிடிமானம் என்பதை வரலாற்றுக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். எழுதியவர் அதோடு நிற்கவில்லை. அன்று வானத்தில் சனி உத்திராடத்தில், குரு ரிஷபத்தில், வளர்பிறைச் சந்திரன் உத்திரத்தில் என்று குறித்தும் வைத்தார். அதைப் பின்னோக்கிக் கணக்கிட்டு 458 ஆகஸ்டு என்று மாதம் வரை சொல்லிவிட்டார்கள். இரண்டு சூரியன் உண்டு என்று நம்பிய அதே மரபு, சனி எங்கே நிற்கிறது என்பதைத் துல்லியமாகக் குறித்திருக்கிறது. நம்பியதை வாங்கி எழுதிய இடம் வேறு, பார்த்ததை எழுதிய இடம் வேறு. இரண்டும் ஒரே நூலுக்குள். இந்தப் புத்தகம் உண்மையா பொய்யா என்று மொத்தமாகக் கேட்டால் என்ன பதில் சொல்வது? வேண்டாததோடு சேர்த்து அந்த 458-உம் குப்பைக்குப் போயிருக்கும்.

பகுத்தறிவு பேசுகிறவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை என்று மகன் நினைக்கக்கூடும். அவன் படிக்கிற புதுச்சேரியோடு சம்பந்தப்பட்ட ஒரு கதை இருக்கிறது. 1760-இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேருக்கு இந்தியாவிலிருந்து திரும்பிய ஒரு பிரெஞ்சு அதிகாரி ஒரு கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். எசூர்வேதம் என்று பெயர், ஒரு வேதத்தின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு என்று சொல்லப்பட்டது. ஒரே கடவுள், சடங்குகளுக்குக் கண்டனம், எல்லாம் இருந்தது. வால்டேர் மயங்கிவிட்டார். அலெக்சாந்தர் படையெடுப்புக்கும் முந்தைய நூல் என்று நம்பி, மன்னரின் நூலகத்துக்கே கொடுத்தார். விவிலியத்துக்குப் போட்டியாக இன்னும் பழைய நூல் ஒன்று வேண்டும் என்று காத்திருந்தவருக்கு அது கைக்கு வந்தது. 1782-இல் சோனரா என்ற பிரெஞ்சுப் பயணி, இது ஒரு பாதிரியார் எழுதிய நூல் என்று எழுதினார். கடைசியில் திருக்குறளுக்கு உரை எழுதிய நம் எல்லீசன், அவர்தான் எல்லிஸ் துரை, புதுச்சேரி மிஷனரிகளிடம் அதே கையெழுத்துப் பிரதிகளைக் கண்டெடுத்து, இது அண்மைக் காலத்துப் போலி என்று விளக்கினார். அவருடைய கட்டுரை அவர் இறந்த பிறகு 1822-இல் வெளியானது. ஐரோப்பாவின் பெரிய சந்தேகக்காரரை ஏமாற்றியது அவருடைய ஆசைதான். மாமாவுக்கு வாட்ஸ்அப் செய்வதும் அதுதான்.

நீங்கள் எதை நம்புவது என்ற கேள்விக்கு வருகிறேன். உலகம் எப்படி இயங்குகிறது என்று ஒரு நூல் சொன்னால் அறிவியலிடம் கேளுங்கள். இன்னாருக்கு இன்ன காலத்தில் இது நடந்தது என்று சொன்னால் கல்வெட்டையும் காலத்தையும் கேளுங்கள். "ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய்" என்று உங்கள் ஊர்க் கோயிலில் அப்பர் பாடியது இந்த இரண்டு வகையிலும் வராது. அதைப் பாட உங்களுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், ஆதாரமும் வேண்டாம். வேதியியல் பட்டம் அதற்குக் குறுக்கே நிற்காது.

வீட்டு விஷயம். மகன் மன்னிப்புக் கேட்க வேண்டும். சொன்ன கருத்துக்கு இல்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால், வாழ்நாள் முழுவதும் ஒரு நூலைப் படித்தவரிடம் அதைக் கட்டுக்கதை என்று ஒரே சொல்லில் தூக்கிப் போட்டதற்கு. மாமாவிடம் நீங்கள் தனியாகப் பேசுங்கள். வாட்ஸ்அப் குழுவிலேயே மறுப்புப் போட்டு அவரை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்காதீர்கள். "மாமா, இதைச் சேக்கிழார் சொல்லியிருக்கிறாரா, இல்லை யாரோ அனுப்பியதா?" என்று கேளுங்கள். தமிழாசிரியருக்கு அந்தக் கேள்வி போதும்.

விடுமுறையில் மகன் வரும்போது மூவருமாகத் திருவக்கரைக்குப் போய் வாருங்கள். சந்திரமௌலீசுவரர், வக்ரகாளி தரிசனம் மாமாவுக்கு. பக்கத்திலேயே கல்மரப் பூங்கா மகனுக்கு. சுமார் 2 கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அவை கிடக்கிற பாறைக்குப் புவியியலாளர்கள் வைத்த பெயரே கடலூர் மணற்கல். மாண்ட அசுரனின் எலும்புகள் என்று ஊரில் சொல்வார்கள். அது எலும்பு இல்லைதான், ஆனாலும் இவை வெறும் கல் இல்லை, ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவை என்று யாரோ சரியாகப் பார்த்திருக்கிறார்கள். (எசூர்வேதத்தைச் சந்தேகித்த அதே சோனராதான் இந்தக் கல்மரங்களைப் பற்றியும் ஐரோப்பியருக்கு எழுதியவர்.)

திரும்பி வந்ததும் இருவரையும் ஒரே கணினியின் முன்னால் உட்கார வையுங்கள். ஸ்டெல்லேரியம் என்று இலவச மென்பொருள் ஒன்று உண்டு, எந்தக் காலத்து வானத்தையும் காட்டும். இடம் கடலூர், ஆண்டு 458, மாதம் ஆகஸ்டு என்று மகன் போடட்டும். சனியையும் குருவையும் அவன் கண்டுபிடித்துவிடுவான். அவை நிற்கிற இடம் உத்திராடமா ரிஷபமா என்பதை மாமாதான் சொல்ல வேண்டியிருக்கும்.