ஓசூர் இவ்வளவு வளர்ந்திருக்கிறதே, தர்மபுரி பக்கம் இப்போதே மனை வாங்கிப் போட்டால் பத்து வருஷத்தில் அதுவும் அப்படி ஆகுமா?

நான் காவேரிப்பட்டினம் பக்கத்து ஆள். நீங்கள் கேட்கும் இரண்டு ஊருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு பதில் எழுதுகிறேன். ஆகும், ஆகாது என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. ஆனால் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. விடிகாலை ஐந்து மணிக்கு அந்த ஊர் சாலையோரத்தில் போய் நின்று, கம்பெனி ஷிப்ட் பஸ் வருகிறதா, எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணுங்கள். புரோக்கர் சொல்லும் எதையும்விட எனக்கு இந்தக் கணக்கில்தான் நம்பிக்கை.

ஓசூருக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் காரணங்கள் இருந்தன: பெங்களூர் வெறும் 40 கிலோமீட்டர், நிலம் மலிவு, பின்தங்கிய பகுதி என்று சலுகை வேறு. 1970களில் அரசின் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது, பிறகு டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் எல்லாம் வந்தன. ஒரு பெரிய கம்பெனி வந்தால் அதற்குப் போல்ட்டும் ரப்பரும் செய்து தர பத்து சின்னப் பட்டறைகள் பக்கத்திலேயே முளைக்கும், அந்தப் பட்டறைகளில் வேலை பழகிய ஆட்கள் இருக்கிறார்கள் என்பதற்காகவே அடுத்த கம்பெனி வரும். இப்படி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு போனதுதான் ஓசூர். 2019ல் மாநகராட்சியும் ஆகிவிட்டது.

தூரம் நிலத்தின் விலையை எப்படி மாற்றுகிறது என்பதற்கு 1826ல் தூனன் என்ற ஜெர்மன் பண்ணையார் ஒரு கணக்குப் போட்டார். நடுவில் ஒரு நகரம், சுற்றிலும் ஒரே மாதிரி மண். அப்படி இருந்தால் சீக்கிரம் கெட்டுப்போகும் பாலும் காய்கறியும் நகரத்துக்குப் பக்கத்திலும், தானியம் தள்ளியும், மேய்ச்சல் கடைசியிலும் வளையம் வளையமாக அமையும் என்றார். மண்ணைவிட, சந்தைக்கு எவ்வளவு தூரம் என்பதுதான் நிலத்தின் வாடகையை முடிவு செய்கிறது என்பது அவர் வாதம். நம்ம பக்கம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள்: ஓசூரைச் சுற்றி ரோஜா, கொத்தமல்லி, கோஸ், கிருஷ்ணகிரி நெருங்க நெருங்க மாந்தோப்பு, இன்னும் தள்ளினால் மானாவாரிக் காடு. (ஓசூர் மேட்டு நிலம், குளிர்ச்சி, ரோஜாவுக்கு அதுவும் காரணம், எல்லாவற்றையும் தூனன் தலையில் கட்ட வேண்டாம்.) 1964ல் அலோன்சோ என்பவர் இதே கணக்கில் காய்கறி வண்டிக்குப் பதிலாக வேலைக்குப் போகும் ஆளை வைத்தார். வேலை இடத்துக்குத் தினமும் போய் வர ஆகும் காசும் நேரமும் கூடக் கூட, வீட்டு மனைக்கு ஒருவர் கொடுக்கத் தயாராக இருக்கும் விலை குறையும். நான் பஸ்ஸை எண்ணச் சொன்னது இதற்குத்தான்.

அந்த பஸ் போகும் எல்லை நகராது என்றும் இல்லை. சூளகிரி, குருபரப்பள்ளி என்று சிப்காட் கிழக்கே தள்ளி வந்துகொண்டே இருக்கிறது. போச்சம்பள்ளியில் 2021ல் ஓலா 500 ஏக்கரில் ஸ்கூட்டர் ஆலை போட்டது. 2024ல் ஓசூருக்கு விமான நிலையம் வரும் என்று சட்டசபையில் அறிவித்தார்கள். ஆனால் விமானம் வருவதற்கு முன்பே விலை வந்துவிடும், அதுதான் சிக்கல். பத்து வருஷம் கழித்து வரப்போகும் வளர்ச்சிக்கான விலையை விற்கிறவர் இன்றைக்கே வாங்கிக்கொண்டு போய்விடுவார். வளர்ச்சி லேட்டானால் வட்டி கட்டுவது நீங்கள்.

எங்கள் மாமா அப்படித்தான் மாட்டினார். கிளிமூக்கு மாங்காய் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் போன ஒரு வருஷம் பக்கத்துத் தோப்புக்காரர் வெறுத்துப்போய் விற்றுவிட்டார். மரங்களை வெட்டி, மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டு, வாசலில் வளைவு கட்டி, கலர் கொடி பறக்கவிட்டு விற்பனை ஆரம்பித்தார்கள். பைபாஸிலிருந்து ஐந்தே நிமிஷம் என்றார்கள். அந்த ஐந்து நிமிஷத்தில் கிணறும் இல்லை, சாக்கடையும் இல்லை. மாமா அங்கே மூன்று சென்ட் வாங்கினார். முப்பதுக்கும் மேற்பட்ட மனைகளில் இன்றைக்கு வீடு இருப்பது இரண்டில். மீதி மனைகளில் வெளியூர்க்காரர்கள் பத்திரத்தைப் பீரோவில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். தோப்பும் போச்சு, ஊரும் வரவில்லை.

தர்மபுரி டவுனுக்குள் வேலை இருக்கிறது, அங்கேயே குடியிருக்கப் போகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள், அது வேறு கணக்கு. விலை ஏறும் என்பதற்காக மட்டும் என்றால் டிடிசிபி (நகர ஊரமைப்புத் துறை) அனுமதி, தாய்ப்பத்திரம், முப்பது வருஷ வில்லங்கம் எல்லாம் பார்த்த பிறகு தண்ணீரையும் பாருங்கள். தர்மபுரி பக்கம் பல இடங்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. அந்தக் குழாய் உங்கள் மனைக்கு வருமா என்று விற்கிறவரிடம் கேட்காமல் அக்கம்பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

மாமாவின் மனையில் இப்போது பக்கத்து வீட்டுக்காரர் மாடு கட்டுகிறார். மூலைக்கல்தான் முளைக்குச்சி.